முற்றம் உள்ள விடுதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஓர் இரவாவது பழைய நகரத்துக்குள் தங்க வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் டிசம்பர் விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் புறப்பட்டேன். கடற்கரையை ஒட்டிய பகுதியில் விசாரித்த இடங்களில் சொன்ன வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய நகரத்தைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழர் பகுதி என்று பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பழைய வீடு ஒன்றை மாற்றியமைத்த சிறிய விடுதியில் ஓர் அறை 1,500 ரூபாய் என்றார்கள். இரண்டு அறை எடுத்தோம்.

அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் வீட்டுக்குள்ளேயே திறந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட்டோம். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலியுள்ள மாமியார் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். காலையில் எழுந்தால் சுவரோரப் படுக்கை முழுவதும் உதிர்ந்த வெள்ளை மாவு. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி. இதே பணத்துக்குப் பஸ் நிலையத்தின் பக்கம் லிஃப்ட் வைத்த புது ஓட்டலில் அறை கிடைத்திருக்கும் என்று கணவர் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

பழைய வீடு என்றால் பணம் உள்ளவர்களுக்கு மாளிகை, எங்களைப் போன்றவர்களுக்கு இருட்டறை, அவ்வளவுதானா? இத்தனைக்கும் மாமியார் இன்னொரு முறை போகலாம் என்கிறார். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரையும் தரிசிக்க வேண்டுமாம். எங்கே தங்குவது என்று சொல்லுங்கள்.

கே., திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் உட்கார்ந்து உட்கார்ந்து படி இறங்கியதைப் படித்தபோது மனம் வருந்தியது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயதானவர் உடன் வந்தால் தரைத்தளத்தில் அறை கேளுங்கள். இல்லை என்றால் அந்த விடுதியையே விட்டுவிடுங்கள். இந்த வீடுகளின் மாடிப்படிகள் வீட்டு மனிதர்கள் மட்டும் ஏறி இறங்குவதற்காக ஒரு மூலையில் ஒடுக்கிக் கட்டப்பட்டவை. பெட்டி படுக்கையோடு வரும் விருந்தாளியை அவை எதிர்பார்க்கவில்லை. உங்கள் கணவர் சொல்லும் லிஃப்ட் ஓட்டலில் இரவு தூங்கிவிட்டுப் பகலெல்லாம் பழைய நகரத்தில் நடப்பதில் ஒரு குறையும் இல்லை.

மற்றபடி, இருட்டறைதானா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. நீங்கள் அனுபவித்த இருட்டும் மாவும் வீட்டைப் பிற்பாடு கையாண்ட விதத்தால் வந்தவை. வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய நகரத்துச் சிறிய விடுதி ஒன்றில் தங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: முற்றம் திறந்திருக்கிறதா?

புதுச்சேரியின் தமிழர் வீடு, தெருவுக்கு நிழலைக் கொடுத்துவிட்டு உள்பக்கம் திரும்பிக்கொள்ளும் வீடு. வீதியோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வெயிலில் நடப்பவர் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அடுத்து திண்ணை, தெருக்கதவு, ஒடுங்கிய நடை. அதைத் தாண்டினால் முற்றம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமில்லை. ஆகவே அறைகள் எல்லாம் முற்றத்தைப் பார்க்கும். வெளிச்சம் அங்கிருந்துதான் வர வேண்டும். வீட்டின் சூடும் அந்த வழியாகத்தான் மேலேறிப் போக வேண்டும். அது போகப் போகத்தான் தெருக்கதவு வழியாகப் புதுக் காற்று நடைக்குள் வரும். உங்கள் அறை ஜன்னல் வீட்டுக்குள் திறந்தது முறைதான். ஆனால் அது திறந்த இடத்தில் வானம் இருந்திருக்க வேண்டும். பட்டப்பகலில் விளக்குத் தேவைப்பட்டது என்றால் அங்கே தகடு போட்டு மூடியிருக்கிறார்கள்.

வாடகைக்கு விடுபவர் கண்ணுக்கு முற்றம் வருமானம் தராத இடம். மழை உள்ளே விழுகிறது, புறா வந்து அசிங்கம் செய்கிறது, தினமும் கழுவ ஆள் வேண்டும். மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே இரண்டு தடுப்பு போட்டால் இரண்டு அறை கூடிவிடும். அந்த இரண்டு அறைக்காக மற்ற எல்லா அறைகளுக்கும் மூச்சு முட்டுகிறது. பிறகு ஏ.சி. வேண்டியிருக்கிறது. ஏ.சி.க்காக உயர்ந்த கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் வேண்டியிருக்கிறது. அதற்கு மேலே தேக்கு உத்திரங்கள். உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் அடுக்கிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தத் தளத்தில் ஒழுகினால் அன்றைக்கே கண்ணில் பட வேண்டும். மறைத்துவிட்டால் உத்திரம் இற்றுப்போன பிறகுதான் தெரியவரும். வீட்டை இப்படிக் கூறுபோட்டவர், பழைய வீடு என்று பெயர் சொல்லி வாடகை வாங்குவதில் நியாயமே இல்லை.

மிஷன் வீதிக்கு மேற்கே எனக்குத் தெரிந்த ஒரு விடுதி இருக்கிறது. ஏழெட்டு அறைகள்தான். முற்றத்தின் மேல் இரும்புக் கிராதி மட்டும். மழை வந்தால் நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் சரம் சரமாக நடுப்பள்ளத்தில் விழும். பள்ளத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை. நடைக்கு அடியில் ஓடும் வாய்க்கால் அதை வீதிக்குக் கொண்டுபோய் விடும். மேகம் கறுத்ததும் அந்த வீட்டு அம்மா செய்கிற முதல் வேலை, குனிந்து அந்தத் துளையில் அடைத்திருக்கும் சருகுகளைக் கையால் அள்ளி எடுப்பதுதான். மழையில்லாத நாளில் காலை வெயில் முதலில் மேற்குப் பக்கத் தூண்களில் விழுந்து, உச்சிவேளையில் பள்ளத்துக்குள் இறங்கும். துவைத்த விரிப்புகள் அந்த நேரத்துக்குள் கொடியில் ஏறியிருக்கும். தங்க வந்தவர்கள் நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். அறைகள் சிறியவை. குளியலறையில் வாளியும் குவளையும்தான், வெந்நீர் காலையில் மட்டும். ஆனால் அறைக்குள் உட்கார்ந்து விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்கலாம். முற்றத்தை மூடச் சொல்லி எத்தனையோ பேர் யோசனை சொல்லியும் அவர் மூடவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மற்ற இடங்களைவிட 200 ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அது மூடாமல் விட்ட அந்த இரண்டு அறைக்கான பணம்.

படுக்கையில் விழுந்த மாவு சுவரின் உப்பு. இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடலோர மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தங்கவிடாமல் வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் வந்தால் ஈரம் போக வழியில்லை. பருவமழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும்போது, ஈரத்தில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பூச்சைத் தள்ளிப் பொரியவைத்து உதிர்க்கிறது. நீங்கள் வந்த டிசம்பர் அதற்கு ஏற்ற காலம். உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்டு பூசினால் ஓதம் இன்னும் மேலே ஏறி அங்கே உதிரும். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து வேலை வாங்கினால்தான் இது நிற்கும். அறை பார்க்கும்போது கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் வேறு அறை கேளுங்கள்.

மார்கழி ஒலிபெருக்கிக்கு என்னிடம் மருந்து இல்லை. கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் நெருங்கி நிற்கிற ஊர் இது. இங்கே குடியிருக்கிறவர்கள் எழுகிற நேரத்தில் விருந்தாளியும் எழ வேண்டியிருக்கும். பிள்ளைகள் எட்டு மணிவரை தூங்க வேண்டும் என்றால் மார்கழியைத் தவிர்த்துவிடுங்கள்.

மாளிகை, இருட்டறை என்று நீங்கள் பிரித்தது என்னை உறுத்துகிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவரும் 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, வாய்க்காலுக்கு மேற்கேதான், பெரிய மார்க்கெட்டை ஒட்டி நிற்கிறது. கீழ்த்தளம் தமிழ் முறை, மேல்தளம் தூண் வரிசையோடு பிரெஞ்சு முறை. 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; அவர்கள் நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பிய பிறகு மேற்கே எழுந்த வீடுகளில் பல, இதே போலக் கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாகக் கட்டப்பட்டவை. மாளிகை என்றால் இவையும் மாளிகைதான். கடற்கரைப் பக்கம் இருக்கும் மஞ்சள் சுவர்களுக்குக் கிடைத்த புகழ் இவற்றுக்குக் கிடைக்கவில்லை, அதனால் வாடகை குறைவு. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது நல்லதுதான். மஞ்சள் சுவர்களைப் பார்க்க வாய்க்காலைத் தாண்டி நடந்தால் போதும். 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் கட்டம் கட்டமாக வகுத்த வீதிகள் இவை. எந்த வீதியில் கிழக்கே நடந்தாலும் கடல் வந்துவிடும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளை ஓடவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வீடுகள் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான சொத்து, மராமத்துக்குப் பணம் போட ஆளில்லை, மனையின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இடித்து அடுக்குமாடி கட்டினால் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். கடற்கரைச் சாலையில் நின்ற, பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றமான மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அது நகராட்சிக் கட்டடம் என்பதால் பொதுப் பணத்தில் அதே வடிவத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். ஒரு குடும்பத்தின் வீடு விழுந்தால் யார் அப்படிக் கட்டித் தருவார்கள்? வைசியாள் வீதியில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியால் தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் வரிசையாகச் செப்பனிட்டிருக்கிறார்கள். தமிழர் வீதி ஒன்று முழு உருவில் எப்படி இருந்தது என்பதை அங்கே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் எல்லா வீதிக்கும் அந்த உதவி வராது. மற்ற வீடுகள் தங்கள் சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் தாங்களே சம்பாதித்தாக வேண்டும். முற்றத்தை மூடாமல் நடத்தப்படும் சிறிய விடுதி, அப்படிச் சம்பாதிக்க ஒரு வீட்டுக்குக் கிடைத்திருக்கும் கௌரவமான வழி. நீங்கள் கொடுத்த வாடகை முற்றத்தை அடைத்தவரிடம் போனதுதான் என் ஆதங்கம்.

அடுத்த முறை போனில் பேசும்போது அறையின் படத்தைக் கேட்காதீர்கள். வெள்ளை விரிப்பு எல்லா அறையிலும் அழகாகத்தான் இருக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு, பகல் 12 மணிக்கு வீட்டின் நடுப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் புரிந்துவிடும். தரைத்தளத்தில் ஓர் அறையைப் பெயர் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். காலையில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு நாள் வாடகை வித்தியாசம் வரும். சனி ஞாயிறு வேண்டாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து நிறைந்துவிடும். செவ்வாய், புதன் என்றால் பேசிக் குறைக்கலாம். கடலைப் பார்த்தபடிதான் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்களில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். எளிமையான அறைகள், வாடகையும் மிதம். மது, புகை கூடாது. இரவில் கதவு அடைக்கும் நேரம் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு இவை சிரமமாக இருக்காது.

மாசியில் வாருங்கள். மழை ஈரம் வற்றியிருக்கும், கத்திரி வெயில் வந்திருக்காது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள். உங்கள் மாமியாருக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த நாளுக்கு அறையை முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். பாடலீஸ்வரர் தரிசனத்துக்காகக் கடலூரில் தனியாக அறை எடுக்க வேண்டியதில்லை. இங்கிருந்து சுமார் 22 கிலோமீட்டர்தான், பஸ்கள் நிறைய உண்டு. கடலூர் பஸ் நிலையம் திருப்பாதிரிப்புலியூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோயில் பக்கம், மாமியாருக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். உச்சிகால நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்வதுபோல விடுதியிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.