பரீட்சை நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி

"தரம் ஐந்தில் படிக்கும் என் மகனுக்கு மாதிரிப் பரீட்சை நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. வைத்தியர் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறானா? புலமைப்பரிசில் பரீட்சையையே நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடிக்கவில்லை. நான் இதைத் திருகோணமலையில் எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று கற்றுக்கொண்டேன். மகளுக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமை தனியார் வகுப்பில் வினாத்தாள் என்றால் இடியப்பத்தைத் தொடமாட்டாள். படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தின் நாடாவைக் கட்டி முடிப்பாள். மற்றச் சப்பாத்துக்குப் போகுமுன் வாந்தி வந்துவிடும். அம்மம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டு வருவார். நானோ, "வலியெல்லாம் சும்மா, வண்டியில் ஏறு" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

பயந்த உடம்பு ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குக் கூடுதலாகப் போகிறது. சமிபாடு தடைப்பட்ட வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? வயிற்றில் நோய் இல்லையே தவிர, வலி மெய்யானது. "ஒன்றுமில்லையாம்" என்று நாம் சொல்வது பிள்ளையின் காதில் "நீ பொய் சொல்கிறாய்" என்றுதான் விழும்.

அடுத்த தவறு இதற்கு நேரெதிரானது. மனம் இளகி, நான்கு சனிக்கிழமைகள் அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். போகவேண்டாம் என்ற உடனேயே வலி மறைந்துவிடும். பத்து மணிக்குத் தோசை கேட்பாள். எனக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் வலி வெள்ளிக்கிழமை இரவே வந்தது, அதற்கடுத்த வாரம் வியாழன் பின்னேரம். தப்பினால்தான் வலி தீரும் என்று அவளுடைய உடம்புக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து உளவளத்துணை ஆசிரியை ஒருவர்தான் இதற்குப் பதகளிப்பு, அதாவது மனப்பதற்றம், என்று பெயர் சொல்லி, பயத்தை முழுதாகப் போக்கிய பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காமல், பயத்தோடேயே சிறிது சிறிதாகப் போய்வரப் பழக்கச் சொன்னார்.

எப்படி என்பதற்குத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா கைகொடுத்தது. அங்கே வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறு. சின்னப் பிள்ளையின் தலையில் எடுத்த எடுப்பிலேயே மிகச் சூடான கிணற்று நீரை யாரும் ஊற்றுவதில்லை. ஒரு கொப்பியில் மகள் ஏழு கிணறுகள் கீறினாள். முதலாவதில், வீட்டு மேசையில் நேரக் கணக்கில்லாமல் ஐந்து வினாக்கள். இரண்டாவதில், அதே அளவு வினாக்கள் மணிக்கூட்டை முன்னால் வைத்து. மூன்றாவதில், வகுப்பு வாசல்வரை போய்த் திரும்புவது. நான்காவதில், உள்ளே போய் அரைமணி நேரம் இருப்பது. ஒரு சூடு பழகாமல் அடுத்ததற்குப் போகவில்லை. நான்காவதில் மட்டும் மூன்று வாரம் கிடந்தோம். ஆறாவதிலிருந்து ஒருமுறை அழுதுகொண்டு ஐந்துக்குத் திரும்பினோம். ஏழாவது கிணறு, எல்லோரின் புள்ளிகளையும் உரக்க வாசிக்கும் அந்த வகுப்பில் முழு வினாத்தாள் எழுதுவது. அதை நானே அழித்தேன். பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியைச் சபையில் வாசிப்பது பழகவேண்டிய சூடு அல்ல. வகுப்பை மாற்றினோம்.

"ஆழமாக மூச்சை இழு" என்று சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை வேகவேகமாக இழுத்துத் தலைசுற்றி நிற்கும். வெளியே விடும் மூச்சுத்தான் நீளவேண்டும். இதயத் துடிப்பு தணிவது அப்போதுதான். டச் பே கடற்கரையில் ஒரு பின்னேரம் சோப்புக் குமிழிப் போத்தல் ஒன்று வாங்கினோம். அவசரமாக ஊதினால் குமிழி வராது, மெதுவாக, நீளமாக ஊதவேண்டும். அங்கே திரியும் மான் ஒன்றின் காதில் போய் ஒரு குமிழி உடைய, மான் தலையைச் சிலுப்பியது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் மகள் சத்தமாகச் சிரித்தாள்.

பாதிப் பயம் என்னுடையது என்பதையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு எதிலும் கெட்டதை முதலில் எண்ணிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. வகுப்பு விட்டு வரும் பிள்ளை முதலில் என் முகத்தைத்தான் வாசிக்கும். ஆகவே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: வந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம்வரை புள்ளியைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. மிகவும் கஷ்டப்பட்டவள் நான்தான்.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. உயர்தரம் படித்த அக்காவின் மகனை எதிரே இருத்திக் கேட்டால் "ஒன்றுமில்லை சித்தி" என்பான். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியில் போனால், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியிலிருந்து எல்லாம் தானாக வரும். பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் பயங்களைத் தாளில் எழுதியவர்கள், அதிகம் பதறும் மாணவர்களாக இருந்தும் நன்றாகச் செய்தார்கள் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அவனும் எழுதிப் பார்த்தான். எழுதியதைக் கிழித்தும் போட்டான். அந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டால், பள்ளிக்கூடம் போவதே நின்றால், ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்துவதைப் பற்றியோ பிள்ளை பேசினால் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர்களுக்கானது 1929.

பரீட்சையை நிறுத்துவதா என்று வலியுள்ள காலையில் முடிவெடுக்காதீர்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் மகனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் வேண்டாம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். தரம் ஐந்தோடு எந்தக் கதவும் மூடிவிடாது. என் மகளுக்குப் புலமைப்பரிசிலுக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. பரீட்சையன்று காலையும் வயிறு வலித்தது. இரண்டு சப்பாத்து நாடாக்களையும் தானே கட்டிக்கொண்டு, வாசலில் குமிழிப் போத்தலை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.