பறவைக் கணக்கெடுப்பில் காக்காவையும் எண்ண வேண்டுமா?
கட்டாயம். பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இபேர்டில் (eBird) பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கேட்கும். காக்கா, மைனாவை விட்டுவிட்டு 'ஆம்' போட்டால், அங்கே காக்காவே தென்படவில்லை என்றுதான் பதிவாகும். சிட்டுக்குருவி குறைகிறதா என்று பார்ப்பதே இந்த 'இல்லை'களை வைத்துத்தான்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஓரிடத்தில் 15 நிமிடம் நின்றால் போதும், மொட்டைமாடியே தாராளம். எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' (X) போடாதீர்கள், உத்தேசமாக 40 என்பதே மேல். பெருங்கூட்டம் என்றால் பத்தை எண்ணி, அதுபோல எத்தனை பங்கு என்று பாருங்கள்.

உட்கார்ந்திருக்கையில் மண்நிறம், பறந்தால் பளிச்சென்று வெள்ளைச் சிறகு: அது மடையான் என்னும் குளத்துக் கொக்கு. பெயர் பிடிபடாததை ஊகித்து எழுத வேண்டாம். 'ஏதோ கழுகு வகை' என்று போட்டாலும் பட்டியல் முழுமையானதுதான்.