ஜனவரியில் சபதம், பிப்ரவரியில் மௌனம்

கேள்வி: மூன்று வருடமாக பிளாகரில் (கூகுளின் இலவச வலைப்பூத் தளம்) எங்கள் கடலூர் மாவட்டத்து ஊர்கள், கோயில்கள், சாப்பாடு பற்றி எழுதி வருகிறேன். போன ஜனவரியில் தினம் ஒரு பதிவு என்று சபதம் எடுத்தேன். பிப்ரவரி பிறந்ததும் 23 பதிவோடு நின்றுபோனது. பிறகு வருடம் முழுக்க எழுதவே கூச்சமாக இருந்தது. வரும் வருடத்துக்கு வாரம் இரண்டு பதிவு, ஒரு லட்சம் பார்வை, விளம்பர வருமானம் என்று மூன்று இலக்கு குறித்து வைத்திருக்கிறேன். பள்ளி வேலை, வீட்டு வேலை போக ஞாயிறு காலை மூன்று மணி நேரமும் புதன் இரவு ஒன்றரை மணி நேரமும் கிடைக்கும். இந்த இலக்குகள் சரியா? இவற்றை ஒரு பதிவாகவே போட்டுவிடலாமா?
(ஆசிரியை, செம்மண்டலம், கடலூர்)

பதில்: மூன்றில் முதலாவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதையும் குறைத்தாக வேண்டும். மற்ற இரண்டும் கூகுளும் விளம்பரதாரரும் தீர்மானிப்பவை. அவற்றை எழுதி மேஜை மேல் ஒட்டிவைத்தால், நன்றாக எழுதிய மாதத்தில்கூடத் தோற்றதாகவே தோன்றும்.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு நாலரை மணி நேரம் என்றால் 52 வாரத்துக்கு 234 மணி. பொங்கல், பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், தீபாவளி, ஐப்பசி கார்த்திகை மழை என்று பத்து வாரத்தைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். மிச்சம் 189 மணி. உங்களைப் போல் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவருக்கு 800 சொல் பதிவு ஒன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். போய்வர இரண்டு மணி, குறிப்பைச் சரிபார்க்க ஒன்று, எழுத இரண்டு, படம் சுருக்கி ஏற்றித் தலைப்பு வைக்க ஒன்று. பலரும் எழுதும் இரண்டு மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வாரம் இரண்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சபதம் உடைவது அங்கேதான். பழைய பதிவுகளைச் செப்பனிட 18 மணியும், மாதக் கணக்குப் பார்க்க 12 மணியும் ஒதுக்கினால் புதிய பதிவுகளுக்கு 159 மணி நிற்கும். ஆறால் வகுத்தால் 26 வருகிறது. இரண்டைக் கைச்சேமிப்பாக விட்டு 24 என்று வையுங்கள், மாதம் இரண்டு. 365 என்று கேட்ட காதுக்கு இது சின்ன எண்தான். ஆனால் டிசம்பரிலும் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

எந்த 24 என்பதற்கு ஊரின் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். தைப்பூசத்துக்கு வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சுற்றுவட்டாரக் கோயில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது துறைமுகத்தில் என்ன மீன் கிடைக்கிறது, விலை எப்படிப் போகிறது என்பது தனிப் பதிவுக்கான விஷயம். அதே கோடையில் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழம் குவிகிறது. வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் திருவிழா, ஆடியில் பக்கத்துப் புதுச்சேரியின் வீராம்பட்டினம் தேர், மார்கழியில் சிதம்பரம் ஆருத்ரா. இவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கிக்கொண்டு, எந்தப் பருவத்திலும் படிக்கக்கூடிய பன்னிரண்டை (ஊர் வரலாறு, பஸ் வழி, ஒரு தெருவின் கடைகள்) அவற்றோடு சேருங்கள்.

இங்கே பெரும்பாலான உள்ளூர்ப் பதிவர்கள் சறுக்குகிறார்கள். திருவிழா முடிந்த மறுநாள், படங்களோடு, “நேற்று மாசி மகம் கோலாகலம்” என்று போடுகிறார்கள். அதற்குள் தேடுகிறவர்கள் தேடி முடித்திருப்பார்கள். எந்த வழியாகப் போவது, வண்டி எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குப் போனால் கூட்டத்துக்கு முன் பார்க்கலாம் என்று திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில்தான் தட்டிப் பார்க்கிறார்கள். சிறிய வலைப்பூவின் புதுப் பதிவு தேடல் முடிவில் ஏறவும் சில வாரம் பிடிக்கும். ஆகவே பருவப் பதிவை ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம் முன்னதாக வெளியிடுங்கள். இந்த வருடம் நேரில் போய்க் குறிப்பும் படமும் எடுங்கள். அடுத்த வருடம் புதிதாக இன்னொன்று எழுதாமல் அதே பதிவைத் திறந்து தேதி, நேரம், பஸ் விவரத்தை மாற்றுங்கள். ஒரே முகவரியில் வருடாவருடம் சேரும் மதிப்பு, ஐந்து தனிப் பதிவுகளாகச் சிதறினால் ஒன்றுக்கும் உதவாது.

முகவரி என்றதும் பிளாகரின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், அதிலிருந்து முகவரி அமைக்க பிளாகருக்குத் தெரியாது. “பிளாக்-போஸ்ட்” என்றும் கூட ஒரு எண்ணும் போட்டுவிடும். மூன்று வருடப் பதிவுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும், பாருங்கள். வெளியிடும் முன்பே வலப்பக்கம் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான இணைய முகவரி) பகுதியில் கஸ்டம் என்பதைத் தேர்ந்து, ஊர் பெயரும் விஷயமும் ஆங்கில எழுத்தில், இடையில் கோடு போட்டு, மூன்று நாலு சொல்லில் கொடுங்கள். அதில் வருடத்தை மட்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த ஜனவரியிலேயே பழசாகத் தெரியும். ஏற்கெனவே ஓரளவு ஆள் வரும் பழைய பதிவுகளின் முகவரியில் கை வைக்க வேண்டாம். பிறர் பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகும்.

உங்கள் மற்ற இரண்டு இலக்குகளுக்குப் பதிலாக வேறு இரண்டு வையுங்கள். இரண்டாவது இலக்கு, மாதம் ஒன்று வீதம் 12 பழைய பதிவுகளைச் செப்பனிடுவது. புதுப் பதிவைவிட இதில் பலன் சீக்கிரம் தெரியும் என்பது எங்கள் கட்சி. எதை எடுப்பது என்று ஊகிக்க வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் உங்கள் வலைப்பூவைச் சேர்த்துவிட்டால், என்ன சொல்லைத் தட்டியபோது உங்கள் பதிவு எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று காட்டும். 16 மாதத் தகவல் வரை வைத்திருக்கும். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, நிறையப் பேர் கண்ணில் பட்டும் யாரும் உள்ளே வராத பதிவுகள் எவையோ, அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஐம்பதாவது இடத்தில் கிடப்பதைத் தூக்கி நிறுத்தப் போராடுவதில் நேரம் வீண்.

உதாரணமாக, “திருவந்திபுரம், ஒரு மறக்க முடியாத பயணம்” என்று ஒரு பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி யாரும் தேட மாட்டார்கள். “திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில்: கடலூரிலிருந்து போகும் வழி, நடை திறக்கும் நேரம்” என்று மாற்றுங்கள். காலையில் கிளம்பியது, டிபன் சாப்பிட்டது எல்லாம் கீழே போகட்டும். முதல் பத்தியிலேயே எந்த பஸ், எங்கே இறங்குவது, நடை எப்போது சாத்துவார்கள் என்பது வரட்டும். முகூர்த்த நாளில் அங்கே கல்யாணக் கூட்டம் அலைமோதும், நிதானமாகச் சேவிக்க நினைப்பவர் பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புவது நல்லது என்ற ஒரு வரி, பயணக் கட்டுரை முழுவதையும்விட உபயோகமானது. மலைமேல் ஹயக்ரீவர் சந்நிதி உண்டு என்பதை, பரீட்சைக்கு முன் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்காகத் தனித் துணைத்தலைப்பில் போடுங்கள். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டுவதற்கான சர்ச் டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதுங்கள். அந்தப் பெட்டியே தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் அதை இயக்கி வைக்க வேண்டும். நம்மவர்களில் நிறையப் பேர் தமிழைத் தங்கிலீஷில் தட்டித் தேடுகிறவர்கள். அதனால் ஊர் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எங்காவது இயல்பாகச் சேர்த்துவிடுங்கள்.

படங்களையும் அதே கையோடு பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் மூன்று முதல் ஐந்து எம்பி இருக்கும். அப்படியே பத்துப் படம் ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் வாசகர் பாதியில் மூடிவிடுவார். அகலம் 1200 பிக்சல், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் என்று சுருக்குங்கள். ஆறு படம் போதும். மீன் விற்கும் அம்மாக்களின் முகம் தெரியும் படமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்றாவது இலக்கு கையிருப்பு. செப்டம்பர் முடிவதற்குள் நான்கு பதிவுகள் முழுமையாக எழுதி, படம் சேர்த்து, வரைவில் கிடக்க வேண்டும். கடலூர்க்காரருக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 மழையும் லேசில் மறக்கக்கூடியதல்ல. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நவம்பரில் பள்ளி விடுமுறையும் வீட்டுக்குள் தண்ணீரும் மாறிமாறி வரும்போது யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள். நான்கையும் நவம்பர், டிசம்பரில் தானாக வெளியாகும்படி தேதி குறித்து ஷெட்யூல் செய்துவிடுங்கள்.

ஷெட்யூலில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். செட்டிங்ஸில் டைம் ஸோன் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருந்தால், காலை 6 மணிக்கு என்று நீங்கள் வைத்த பதிவு நம்மூரில் மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோதான் வெளியாகும். இந்திய நேரத்துக்கான கொல்கத்தா என்று மாற்றிவிட்டுப் பிறகு நேரம் குறியுங்கள். அடுத்தது, ஷெட்யூல் செய்ததை மறந்துவிடுவது. ரெட் அலர்ட் அறிவித்து ஊரே மாடியேறி நிற்கும் நாளில் “வெள்ளிக் கடற்கரையில் ஒரு மாலை” என்று உங்கள் பதிவு சிரித்துக்கொண்டு வெளிவந்தால் நன்றாக இருக்காது. புயல் சின்னம் என்று செய்தி வந்ததுமே உள்ளே போய்த் தேதியைத் தள்ளி வையுங்கள்.

இனி அந்த ஒரு லட்சம் பார்வை. பிளாகர் காட்டும் எண்ணிக்கையில் மனிதர்கள் மட்டும் இல்லை. இணையத்தில் தானாகச் சுற்றும் நிரல்களும் அதில் சேரும். சொந்தப் பார்வையைத் தவிர்க்கும் வசதியை இயக்காவிட்டால் நீங்களே திறந்து பார்த்ததும் சேரும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரே ராத்திரியில் எண்ணூறு பார்வை வந்து, ஒரு கருத்துகூட இல்லையென்றால் அது வாசகர் கூட்டமல்ல. சர்ச் கன்சோலில் தெரியும் கிளிக் எண்ணிக்கையை மாதக் கடைசி ஞாயிறு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், போதும். வாட்ஸாப்பில் இணைப்பைத் தட்டி வருகிறவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தினமும் பார்ப்பது உடம்புக்கு ஆகாது.

விளம்பர வருமானம் பற்றிச் சுருக்கமாக. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். 100 டாலர் தொட்டால்தான் பணம் வங்கிக்கு வரும். உள்ளூர்த் தமிழ் வலைப்பூ ஒன்று அந்த நூறைத் தொட நீண்ட காலம் பிடிக்கலாம். விண்ணப்பிப்பதில் தவறில்லை, ஆனால் இலக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். செலவழிக்கத் தயாராக இருந்தால் சொந்த டொமைன் (வலைப்பூவுக்கென்று தனி இணையப் பெயர்) ஒன்று வாங்குவது நல்லது. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். புதுப்பிக்க மறந்தால் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செட்டிங்ஸில் பேக்கப் எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் பதிவும் கருத்தும் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வருடவாரியாகப் போடுங்கள்.

கடைசியாக, இலக்கைப் பதிவாகப் போடலாமா என்று கேட்டீர்கள். போட வேண்டாம். போன வருடம் கூச்சம் வந்ததற்குக் காரணமே ஊரறிய ஓர் எண்ணைச் சொன்னதாக இருக்கக்கூடும். வாசகருக்கு எண் தேவையில்லை, கிழமை தெரிந்தால் போதும். “இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமை புதுப் பதிவு” என்று வலைப்பூவின் ஓரத்தில் ஒரு வரி போடுங்கள். ஒரு வெள்ளி தவறினால் அடுத்த வாரம் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட முயலாதீர்கள். அந்த ஓட்டத்தில் இரண்டுமே அரைகுறையாகும், மூன்றாவது நின்றுபோகும். தவறியதை விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கு எழுதுங்கள். அதற்குத்தான் 26-ல் இரண்டைக் கழித்து வைத்தோம்.