வெள்ளைக்கல் சூளைக்கு ஏன் துரு அடித்தீர்கள்?

கேள்வி: மேக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையத்தை 1960களில் இருந்த தோற்றத்தில், எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாடல் ரயில் தளமாக அமைத்து வருகிறேன். தண்டவாளத்தை ஒட்டி ஒரு வெள்ளைக்கல் சூளை, பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. இரண்டையும் மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டையில் செய்து, பழசாகத் தெரியட்டும் என்று முழுக்கத் துரு நிறம் ஸ்ப்ரே செய்தேன். பொம்மை போலத்தான் இருக்கிறது. சுவர்களும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. மாடல் ரயில் சாமான்கள் தருவித்துக் கொடுக்கும் ஒருவர், பழசாகக் காட்டும் வெளிநாட்டு வெதரிங் பொடி செட் வாங்கினால்தான் சரியாகும் என்று 6,500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் சூளையில் இருக்கும் குறை பொடியால் வந்ததல்ல. எங்கே எந்த அழுக்கு படியும் என்று யோசிக்காமல் நிறம் அடித்ததால் வந்தது.

சேலத்தை ஒட்டிய கருப்பூர் பக்கம் போய்வந்தவர் நீங்கள். அந்த வட்டாரத்தில் கண்ணில் படுவது துருவா, வெள்ளைத் தூசியா? வெள்ளைக்காரர்கள் அந்தக் கரடுகளைச் 'சாக்' குன்றுகள் என்று எழுதி வைத்தார்கள். உள்ளே இருப்பது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட். அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மேக்னீசியா மிஞ்சும். 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டெடுத்தது உருக்காலை உலைகளின் உட்புறச் செங்கலுக்குப் போகிறது. வெட்டும்போதும் உடைக்கும்போதும் சுடும்போதும் ஏற்றும்போதும் பறப்பது வெள்ளைத் தூசிதான். ஆகவே உங்கள் சூளையின் அழுக்கு வெள்ளை. வெளிநாட்டு மாடல்காரர்கள் நிலக்கரி ஊர்களையும் உருக்கு ஊர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கு அழுக்கு என்றால் கறுப்பும் துருவும். அந்தப் பழக்கத்தை அப்படியே சேலத்தில் ஒட்டினால் ஒட்டாது.

கூரைக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் துருப்பிடிக்காது. அது ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்த சிமென்ட். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு சாம்பல் நிறம் கறுத்து, நெளிவுகளின் பள்ளத்தில் பாசி காய்ந்த கறை படியும். துரு வருவது ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளைப் பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டின் தலையைச் சுற்றி மட்டும், அங்கிருந்து கீழே ஒழுகிய மெல்லிய கோடாக. சூளைச் சுவரைச் சுற்றிய இரும்புப் பட்டைகளில் துரு வரலாம். கதவின் கீல், மழைநீர்க் குழாய், இவற்றில் வரலாம். வேறெங்கும் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை பெயிண்ட் கடையில் தரைக்கு வாங்குவோமே, அந்த ரெட் ஆக்சைடு பொடி கால் கிலோ வாங்கினால் உங்கள் ஆயுசுக்கும் போதும். அதையும் கொஞ்சம் கறுப்பு ஆக்சைடையும் கலந்தால் நல்ல பழைய துரு கிடைக்கும். சின்ன டப்பியில் அடைத்து 'இம்போர்ட்டட்' என்று விற்பதிலும் பெரும்பாலும் இதே இரும்பு ஆக்சைடுதான். பொடியைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம். உண்மையான ஆஸ்பெஸ்டாஸ் துண்டை அரைத்துத் தூவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால் "சுங்க வரி சார்" என்பார்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது உண்மை. ஐம்பது வயதுக்காரர் மேஜையில் ஓட்டும் அளவு மாடல் ரயிலையும் குழந்தை கையில் கொடுக்கும் கிலுகிலுப்பையையும் ஒரே சுங்கத் தலைப்பில் போட்டு வரி வாங்குகிறார்கள். இது எனக்குப் பல வருடக் கோபம். ஆனால் வண்ணப் பொடி பொம்மை அல்ல, அதன் தலைப்பே வேறு. பொம்மை வரியைக் காட்டிப் பொடிக்கு விலை ஏற்றுகிறவரிடம் பில் கேளுங்கள். தரமாட்டார்.

அதே ஆள் அடுத்ததாக ரெடிமேட் கட்டடக் கிட் காட்டுவார். பெட்டியில் 'ஓ.ஓ./எச்.ஓ.' என்று இரண்டும் போட்டிருக்கும். ஓ.ஓ. 76இல் ஒரு பங்கு, எச்.ஓ. 87இல் ஒரு பங்கு. ஸ்கேலை எடுத்துக் கதவை அளந்து பாருங்கள். ஏழடிக் கதவு எச்.ஓ.வில் சுமார் 24 மி.மீ. இருக்க வேண்டும். 28 மி.மீ. இருந்தால் அது உங்கள் தளத்துக்கானது அல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவர் வளைந்த கதை எளிது. அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் ஈரம் பட்டால் அந்தப் பக்க நார் ஊறி, காயும்போது சுருங்கி இழுக்கும். நீங்கள் அதை மொட்டைமாடி வெயிலில் வேறு வைத்திருப்பீர்கள். வெட்டியதும் இரு முகத்திலும், ஓரங்களிலும் அரக்கு வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். உட்புறம் 5 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டுங்கள். பெயிண்ட்டையும் இரு பக்கமும் அடியுங்கள். நிழலில், புத்தகக் கனத்தின் கீழே காயவிடுங்கள். வளைந்த சுவர்களை நிமிர்த்தப் பாடுபட வேண்டாம், புதிதாக வெட்டுங்கள்.

கூரை நெளிவுக்குப் பார்சல் அட்டைப்பெட்டியைக் கிழித்து உள்தாளை ஒட்டினேன் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த நெளிவு 6 மி.மீ.க்கு மேல். 87 மடங்காக்கினால் அரை மீட்டருக்கு ஒரு நெளிவு. உண்மையான ஓட்டில் 146 மி.மீ.க்கு ஒன்று, அதாவது மாடலில் 1.7 மி.மீ. ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. திரெட் ராடு (மரை போட்ட கம்பி) ஒரு துண்டு கேளுங்கள், அதன் மரை இடைவெளி 1.75 மி.மீ. சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளை இரண்டாக மடித்து அதன்மேல் வைத்து, தீக்குச்சி முனையால் மரைப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டே போங்கள். 1.05 மீட்டர் அகல ஓடு மாடலில் 12 மி.மீ. துண்டு. ஓடு ஓடாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி ஒட்டினால் பாதிப் பொம்மைத்தனம் அங்கேயே போய்விடும்.

இனி வெள்ளைத் தூசி. இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். துருப் பொடி, கரிப் பொடி, மண் நிறப் பொடி எதுவானாலும் தூவி முடித்து மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே செய்து நிறுத்தலாம். சற்றுக் கருக்கும், அவ்வளவுதான். வெள்ளைப் பொடிக்கு மட்டும் இது கூடாது. வார்னிஷ் பட்ட உடனே வெள்ளை மறைந்துவிடும், மறுபடி வராது. ஏன்? பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பீர்கள். அடிக்கும்போது பழைய சுவர் அப்படியே தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். துகள்களுக்கு இடையே காற்று இருந்தால்தான் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. நீர் அந்த இடத்தை நிரப்பினால் வெண்மை போகும், நீர் உலர்ந்தால் திரும்பும். வார்னிஷ் உள்ளேயே உறைந்துவிடுவதால் திரும்புவதில்லை. சாக்பீஸ், முகப்பவுடர், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். டைட்டானியம் வெள்ளை மட்டும் தப்பும், அது வார்னிஷைவிட ஒளியை மிக அதிகமாக வளைப்பதால்.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் டைட்டானியம் வெள்ளை அக்ரிலிக்கில் ஒரு சொட்டுச் சாம்பல் நிறம் கலந்து, தூரிகையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நுனியால் தொட்டுத் தொட்டு வையுங்கள். கல் கொட்டும் சரிவுக்குக் கீழே, ஜன்னல் திண்டில், பட்டைகளின் மேல்விளிம்பில், வேகன் நிற்கும் இடத்துத் தண்டவாளக் கட்டைகளில். தூசி மேலிருந்து விழுவது, செங்குத்துச் சுவரில் அதிகம் நிற்காது, மழை கழுவிய கோடாக மட்டும் இறங்கும். இதற்கு வார்னிஷ் அடித்து முடித்துவிடுங்கள். பிறகு, கடைசியாக, நன்றாக வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த, சாக்பீஸ் தூளைத் தூவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டாக விட்டுப் படியவிடுங்கள். ஈரத்தில் மறையும், பயப்படாதீர்கள், உலர்ந்ததும் வரும். அதன்மேல் எதுவும் அடிக்காதீர்கள். விரல் பட்டால் கலையும் என்பதால் முன்னால் ஒரு அக்ரிலிக் தகடு நிறுத்துங்கள். கோலமாவு வேண்டாம், 0.2 மி.மீ. துகள் எச்.ஓ.வில் 17 மி.மீ. ஜல்லி ஆகிவிடும்.

சுவரின் அடியில் நாலைந்து மி.மீ. உயரத்துக்குச் செம்மண் தெறிப்பு வையுங்கள். வெள்ளைக்குக் கீழே அந்தச் சிவப்பு இருந்தால் பார்த்தவுடன் சேலம் என்று தெரியும்.

சூளையின் பழைய வரைபடம் தேடி அலையாதீர்கள். இதே வட்டாரத்துக் கட்டடம் ஒன்றுக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். ஒரு ஊரின் தொழில் வரலாறு பழைய பேப்பர் விலைக்குப் போயிற்று. உங்களுக்கு வரைபடம் விற்க வருகிறவர் போன் படத்தைப் பார்த்து வரைந்ததைத்தான் கொடுப்பார். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் உங்கள் பேட்டையிலேயே இருப்பார். தாளும் பென்சிலுமாகப் போய் உட்காருங்கள். கல்லை மேலே எப்படி ஏற்றினார்கள், சுட்டதைக் கீழே எந்தப் பக்கம் இழுத்தார்கள், ஆள் நின்றால் சூளையின் வாய் தலைக்கு மேலேயா தோளுக்கா என்று கேட்டு, அவர் கையாலேயே வரையச் சொல்லுங்கள். ஓர் ஆள் எச்.ஓ.வில் 19 மி.மீ., அதை வைத்து மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.