வட சென்னையில் சின்னதாக ஒரு கடை போட வேண்டும், கையில் 3 லட்சம் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எதுவும் செய்யாதீர்கள். குறிப்பாக யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துக் கெட்டவன், அதனால் சொல்கிறேன்.

2018 மார்ச்சில் காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு டிபன் கடை திறந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் வாங்கப் போனபோது அங்கே நிற்கக்கூட இடமில்லை. இத்தனை பேரும் எங்கேயாவது சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மொத்த ஆராய்ச்சியும் அவ்வளவுதான்.

என்னிடம் இருந்தது 2.5 லட்சம். வாடகை 9,000, பத்து மாத அட்வான்ஸ் 90,000. அடுப்பு, பாத்திரம், மேசைக்கு 85,000. பெயிண்டும் எல்இடி போர்டும் 40,000. திறப்பு விழா, பூஜை, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு என்று 15,000. கடை திறந்த அன்று கையில் மிச்சம் 20,000. முதல் ஐந்து வாரம் தினம் நாலாயிரத்துக்குக் குறையாமல் ஓடியது. நாமும் முதலாளி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம்: கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஃபைபர் படகுகள் போகும், ஆனால் அதில் வரும் மீன் எவ்வளவு? ஏலக் கூட்டம் இல்லை, ஐஸ் வண்டி இல்லை, வியாபாரம் 1,000 ரூபாய்க்கு வந்துவிட்டது. இதெல்லாம் ரகசியமில்லை, வருடா வருடம் நடப்பது. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தெரியும். கடைக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. கடை வாசலில் மீன் விற்கும் அக்கா ஒருத்தர் சிரித்தேவிட்டார்: "இன்னா தம்பி, தடை நேரமா பாத்து கடையப் போட்டுக்கினு கீற?"

வாடகைக்குத் தண்டல் வாங்கினேன், அதாவது தினம் தினம் கட்டும் வட்டிக் கடன். எழுதியது 20,000, கையில் வந்தது 17,000. தினம் 200 வீதம் 100 நாள். மூவாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது இல்லையா, உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆயிரம் ரூபாய் விற்கும் கடையில் 200ஐ எடுத்து வைத்துவிட்டு என்ன செய்வது? ஆகஸ்டில் ஷட்டரை இறக்கினேன்.

இப்போது தண்டையார்பேட்டையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். இதற்குப் போர்டு கூட ஃப்ளெக்ஸ்தான். ஆனால் திறப்பதற்கு முன்னால் மூன்று வாரம் ஒரு மளிகைக் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். (தண்டல் வசூலுக்கு வந்தவன் என்று நினைத்து இரண்டு பேர் ஒளிந்துகொண்டார்கள்.) எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் தெருவே விழிக்கும். ஒரு நாள் மாலை 6 முதல் 7 வரை பால் வாங்க வந்தவர்கள் 43 பேர். அதில் 11 பேர் மாவு கேட்டார்கள், இல்லை என்றதும் போய்விட்டார்கள். அந்த 11தான் என் கடை. மாதக் கடைசியில் அதே ஆட்கள் ஒரு கிலோ கேட்கவில்லை, அரைக் கிலோ கேட்டார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரவே இல்லை. கேட் போட்டால் எத்தனை நிமிடம் நிற்க வேண்டுமோ, மாவுக்காக யார் நிற்பார்கள்?

உடனே கடை பிடிக்கவில்லை. வீட்டு கிரைண்டரில் தினம் 5 கிலோ அரைத்து அந்த மளிகைக் கடையிலேயே ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். வெயிலில் மதியத்துக்குள் பாக்கெட்டுகள் புளித்துப் பொங்கும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன், பெரிய நஷ்டமில்லாமல்.

இடம் பார்க்கும்போது வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் என்றால் கட்டாயம் கேளுங்கள். கிரைண்டர் மோட்டார் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் சொல்லும். மின் இணைப்பு வணிகக் கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு மீட்டரில் கடை ஓட்டிக்கலாம் என்று சொல்பவர், அபராதம் வந்தால் கட்ட வரமாட்டார்.

காகித வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சாப்பாட்டுப் பொருள் என்றால் சிறு வியாபாரிக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுக்கு வருடம் 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். மாநகராட்சித் தொழில் உரிமம் தனி. பொருள் மட்டும் விற்பவருக்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை. பணம் போதவில்லை என்றால் தண்டலுக்கு முன்னால் வங்கியில் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேளுங்கள், சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். அலைய விடுவார்கள், அலையுங்கள்.

உங்கள் 3 லட்சத்தில் ஆறு மாத வாடகையையும் வீட்டுச் செலவையும் தனியாக எடுத்து, மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். மீதிதான் கடைக்கான முதலீடு. அதற்குள் அடங்கும் கடை எதுவோ அதைப் பாருங்கள்.

காசிமேட்டில் நான் விட்ட அந்தக் கடையை வேறொருவர் எடுத்தார். தடைக்காலத்தில்தானே படகுகளுக்குப் பழுதுபார்ப்பும் பெயிண்டும் நடக்கும், அந்த ஆட்களுக்குக் காலையில் கூழும் மதியம் சாம்பார் சாதமும் கொடுக்கிறார். போன மே மாதம் போய் ஒரு சொம்பு கூழ் குடித்தேன். என் எல்இடி போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.