முதல் அறுவையைத் தவிர்க்க முடியுமா? பிரசவ அறைக் கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சிசேரியனைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மன்னார்குடி, ஆசிரியை: தமிழ்நாட்டில் உண்மையிலேயே சிசேரியன் அதிகமா? எத்தனை சதவீதம் இருந்தால் சரி?

அதிகம்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

ஆனால் அந்த எண்ணை ஒரு தனி மருத்துவமனையின் தலையில் ஏற்றக் கூடாது. தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்குச் சுற்று வட்டாரத்துச் சிக்கல்களெல்லாம் ஆம்புலன்ஸில் வந்து சேரும். அங்கே போய் 10 சதவீதம் கேட்டால் உயிர்தான் போகும். அதனால்தான் ராப்சன் முறை என்று ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு வரும் பெண்களை 10 பிரிவாகப் பிரித்து, எந்தப் பிரிவில் அறுவை கூடுகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் வார்டில் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணியபோது கண்ணில் பட்டவை இரண்டு பிரிவுகள்: தலைப்பிரசவக்காரர்கள், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள். இரண்டாவது பிரிவு முதல் பிரிவிலிருந்துதானே வருகிறது? நான் சொல்ல வந்ததெல்லாம் இதுதான்: தேவையற்ற முதல் அறுவையைத் தவிர்த்தால் அடுத்த அறுவைகள் தாமாகவே குறையும். ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அப்படி ஒட்டிய நஞ்சைப் பிரிக்கும்போது ரத்தம் எப்படிக் கொட்டும் என்பதைப் பார்த்தவர்கள் யாரும் சிசேரியனைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள்.

திருத்துறைப்பூண்டி, ஒரு கணவர்: 10 மணி நேரம் வலி வந்தும் கர்ப்பவாய் 4 செ.மீ. தான் திறந்தது. ‘முன்னேற்றம் இல்லை’ என்று அறுவை செய்துவிட்டார்கள். சரியா டாக்டர்?

தம்பி, கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் உங்கள் மனைவிக்கு நடந்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பொதுவானதைச் சொல்கிறேன். மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்பது எங்கள் தலைமுறை படித்த கணக்கு. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. 5 செ.மீ. ஆன பிறகுதான் பிரசவ வலி முழுவேகம் பிடித்ததாகக் கொள்ள வேண்டும். அதற்கு முன் கர்ப்பவாய் மெதுவாகத் திறப்பது இயல்பு. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் அது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது.

நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண் இரவு 9 மணிக்கு 3 செ.மீ. உடன் வந்தாள். கட்டிலில் படுக்கவைத்து ட்ரிப் ஏற்றத் தயாரானார்கள். வேண்டாம் என்றேன். வராந்தாவில் நடந்தாள். வலி எடுக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டினாள். அவள் அம்மா தூக்குவாளியிலிருந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அரை மணிக்கொரு முறை செவிலியர் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறித்தார். இரண்டு மணிக்கும் 4 செ.மீ. தான். எனக்கும் கை பரபரத்தது. ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை, 2 கிலோ 900.

திருவையாறு: பிரசவ அறைக்குள் அம்மா உடனிருப்பதால் சிசேரியன் குறையுமா?

குறையும். தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, வலிநேரமும் குறைகிறது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்கின்றன. நம் ஊருக்கு இது புதிதல்ல. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் சிக்கிக்கொள்ள, ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. வலியில் இருப்பவளுக்குத் தாய் வேண்டும் என்பதைத்தான் அந்தக் கதை சொல்கிறது. துணையை உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள்.

பாபநாசம்: ஸ்கேனில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்கிறார்கள். சிசேரியன்தானா?

இல்லை. ஏறக்குறைய நான்கு குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் தலை வந்ததும் விரலால் எடுத்துவிடுவோம். வலியின்போது துடிப்பு இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

வேதாரண்யம்: கொடி இரண்டு சுற்று...

மேலே சொன்னதுதான் உங்களுக்கும்.

சீர்காழி: ஜோதிடர் குறித்த நேரத்தில் குழந்தையை எடுக்கலாமா?

கூடாது. வலி வராமல், 39 வாரம் முடியுமுன் அறுத்து எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதலாக வருகிறது.

நாகப்பட்டினம்: குழந்தைக்கு எந்த நட்சத்திரம்...

அம்மா, நான்கு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். குழந்தையின் நுரையீரல் பஞ்சாங்கம் பார்த்து முதிர்வதில்லை. இனி நேரம் குறித்த கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கும்பகோணம், தனியார் மகப்பேறு மருத்துவர்: உங்களுக்குப் பேசுவது எளிது மேடம். என் மருத்துவமனையில் நான் ஒருத்திதான். மயக்க மருந்து மருத்துவர் நான்கு இடங்களுக்குக் காரில் ஓடுகிறார். இரவு 2 மணிக்குத் துடிப்பு இறங்கினால் அவர் வர முக்கால் மணி நேரம். குழந்தைக்கு ஏதாவது ஆனால் வாசலில் கூட்டம் கூடிக் கண்ணாடியை உடைக்கும். ‘ஏன் அறுத்தாய்’ என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஒருத்தியாக 24 மணி நேரமும் காத்திருக்க யாராலும் முடியாது. பகலிலேயே முடித்துவிடத்தான் மனம் சொல்லும். ஆகவே ஒரு மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து ஊர் மருத்துவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து இரவுப் பணியைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வலியை உடனிருந்து பார்க்கத் தேர்ந்த செவிலியர் வேண்டும். மத்திய அரசு 2018-இல் செவிலிய மருத்துவச்சிகளுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டதும் இதற்காகத்தான். அவசரமில்லாத முதல் சிசேரியனுக்கு இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதை வழக்கமாக்குங்கள். கூட்டம் கேள்வி கேட்கும் நாளில் அது உங்களுக்கும் பாதுகாப்பு.

அதே மருத்துவர்: பெண்களே ‘வலி தாங்க மாட்டேன், அறுத்துவிடுங்கள்’ என்கிறார்களே?

என்கிறார்கள். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். ‘அக்காவை அங்கே அடித்தார்களாம், திட்டினார்களாம்’ என்றார்கள். இது எங்கள் பக்கத்துக் குற்றம். நான் வேலை பார்த்த பிரசவ அறைகளில் வலியில் கத்திய பெண்களைத் தொடையில் தட்டியதையும் காது கூசும் சொற்களால் ஏசியதையும் பார்த்திருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் தடுக்காமல் நின்றிருக்கிறேன். அந்தப் பேச்சு ஊருக்குள் போய், அடுத்த தலைமுறைப் பெண் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வலியைக் குறைக்க முதுகில் போடும் ஊசி நம் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. கனிவான பேச்சுக்கு மருந்துச் சீட்டு வேண்டாமே! சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று அதிகாரிகள் நெருக்கும் இடத்தில் இன்னொரு கொடுமையும் நடக்கும்: தேவையான அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். எண்ணுக்காக ஒரு குழந்தைகூட மூச்சுத் திணறக் கூடாது. துடிப்பு இறங்கி, ஏறாமல் நின்றால் அறுங்கள், யோசிக்காதீர்கள்.

மயிலாடுதுறை: முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வரவில்லை.

உங்கள் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

வலங்கைமான்: தலை மேலே, பிட்டம் கீழே. 36 வாரம்.

வயிற்றின் மேலிருந்தே கையால் குழந்தையைத் திருப்பும் முறை உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும். அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில் மட்டும் செய்துகொள்ளுங்கள், வீட்டில் எண்ணெய் தேய்த்துத் திருப்ப விடாதீர்கள்.

திருவாரூர்: முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா?

பலருக்கு ஆகும். பொருத்தமானவர்கள் முயன்றால் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு. தழும்பு பிரியும் ஆபத்து 200-இல் ஒன்று அளவு. அது சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் நடந்தால் நிமிடங்களில் அறுவை செய்தாக வேண்டும். ஆகவே இரவிலும் அறுவை அரங்கும் ரத்தமும் தயாராக உள்ள பெரிய மருத்துவமனையில் மட்டுமே முயலுங்கள், வீட்டில் கனவிலும் வேண்டாம். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். வெளித் தோலில் உள்ள தையலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கர்ப்பப்பையில் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காகவா, எந்தக் காரணத்துக்காக என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லையென்றால் அந்த மருத்துவமனைக்கே போய் நகல் கேளுங்கள். ஏழாம் மாதத்துக்குள் அது கையில் இருக்கட்டும்.