இறால் குஞ்சுத் தீவனம்: மூட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வேதாரண்யம் அருகே இரண்டு குளங்களில் வனாமி இறால் வளர்க்கிறேன். குஞ்சு விட்ட முதல் மாதத்துக்கான குருணைத் தீவனத்தில் இரண்டு நிறுவனங்களின் மூட்டைகளை டீலர் காட்டுகிறார். ஒன்றில் புரதம் 35 சதவீதம், மற்றதில் 40 சதவீதம் என்று அச்சிடப்பட்டுள்ளது. 40 சதவீதத் தீவனம் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல். எதை வாங்கலாம்?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். புரதம் கூடினால் வளர்ச்சியும் கூடும் என்ற எண்ணம் புலி இறால் வளர்த்த காலத்திலிருந்து நம் பண்ணைகளில் நிலைத்துவிட்டது. புலி இறாலின் குஞ்சுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் புரதம் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் 2009-இல் அனுமதி கிடைத்த பிறகு நம் குளங்களை நிறைத்துள்ள வனாமி அதைவிடக் குறைந்த புரதத்தில் நன்றாக வளரும் இனம். அதன் சிறு பருவத்துக்கு 35 முதல் 40 சதவீதம் வரையிலான புரதம், தரமானதாக இருக்கும்பட்சத்தில், போதுமானது. தேவைக்கு மேல் போகும் புரதத்தை இறால் உடலில் சேர்த்து வைப்பதில்லை. எரித்துவிட்டு அம்மோனியாவாகக் குளத்திலேயே வெளியேற்றுகிறது.

மூட்டையில் உள்ள 'கச்சாப் புரதம்' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகம் தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. அந்த நைட்ரஜன் நல்ல மீன்தூளிலிருந்து வந்ததா, எளிதில் செரிக்காத இறகுத்தூளிலிருந்து வந்ததா, யூரியா போன்ற கலப்படத்திலிருந்து வந்ததா என்பதை இந்த எண் சொல்லாது. இறாலுக்கு வேண்டியது புரதத்தின் கூறுகளான பத்து அத்தியாவசிய அமினோ அமிலங்கள். அவற்றில் லைசின், மெத்தியோனின், ஆர்ஜினின் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் குறை விழும். மீன்தூளைக் குறைத்துச் சோயாப் புண்ணாக்கைக் கூட்டிய தீவனத்தில் மெத்தியோனின் முதலில் பற்றாமல் போகும். ஆகவே நல்ல மூலப்பொருளில் செய்த 35 சதவீதத் தீவனம், மட்டமான 40 சதவீதத் தீவனத்தைத் தாராளமாக வென்றுவிடும்.

புரதத்தை விட்டால் கேட்க வேண்டிய முதல் சத்து கொலஸ்டிரால். மனிதருக்கு அது அளவோடு இருக்க வேண்டிய பொருள் என்பதால் தீவனத்தில் அதைத் தேடச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இறாலின் உடலால் கொலஸ்டிராலைத் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது; ஓடு கழற்றுவதற்கான ஹார்மோன் அதிலிருந்துதான் உருவாகிறது. சில நாட்களுக்கு ஒருமுறை ஓடு கழற்றியே வளரும் குஞ்சுப் பருவத்தில் இது குறைந்தால் வளர்ச்சி தடைபடும். மீன்தூள், கணவாய்த்தூள், இறால்தலைத்தூள் ஆகியவற்றில் இது கிடைக்கிறது. தாவரப் பொருள்களில் இல்லையென்றே சொல்லலாம். இதனுடன் சோயா லெசித்தின் வழியாகக் கிடைக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையும், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் வேண்டும். மொத்தக் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் இருந்தால் போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால் நன்மையில்லை.

வைட்டமின் சி பற்றித் தனியாகக் கேளுங்கள். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் தீவனம் தயாராகும் சூட்டிலேயே பெரும்பகுதி அழிந்துவிடுகிறது; எஞ்சியது கிடங்கிலும் தண்ணீரிலும் போய்விடுகிறது. பாஸ்பேட்டுடன் பிணைத்து நிலைப்படுத்திய வடிவத்தில் சேர்த்திருந்தால்தான் அது இறாலின் வாய்க்குப் போய்ச் சேரும். இச்சத்துக் குறைவால் ஓட்டின் அடியில் கருமை படர்ந்து இறால் மடியும் நோய் நன்கு அறியப்பட்ட ஒன்று. பாஸ்பரஸையும் இறால் பெரும்பாலும் தீவனத்திலிருந்தே பெற வேண்டும். சோயாவில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி இறாலால் செரிக்க முடியாத வடிவில் இருக்கிறது.

இவையெல்லாம் மூட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்காது. நிறுவனத்தின் தொழில்நுட்ப அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தம் தீவனத்தை நம்பும் நிறுவனம் பதில் தரும். மூட்டையின் மேல் பார்க்க வேண்டியவை தயாரிப்புத் தேதி, நார்ச்சத்து (4 சதவீதத்துக்குள்), ஈரப்பதம் (12 சதவீதத்துக்குள்) ஆகியவை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து, ஒரு தேக்கரண்டித் தீவனத்தைப் போட்டு, அவ்வப்போது மெதுவாகக் கலக்கிவிட்டு இரண்டு மணி நேரம் வையுங்கள். இறால் தீவனத்தை அப்படியே விழுங்குவதில்லை. காலால் பிடித்துக் கொறித்துக் கொறித்துத் தின்கிறது. அதுவரை குருணை மென்மையாகலாம், ஆனால் வடிவம் குலையக் கூடாது. அரை மணி நேரத்திலேயே தண்ணீர் கலங்கி அடியில் மாவாகப் படிந்தால், கரையும் சத்துகள் எல்லாம் குளத்துக்குத்தான் போகின்றன என்று பொருள். மூட்டையின் அடியில் தூள் மிகுதியாகத் தங்குவதும் குறைதான்.

விலை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் நாள் சுமார் 2 கிலோவில் தொடங்கி நாளுக்கு 300 கிராம் கூட்டினால், முப்பது நாளில் ஏறத்தாழ 190 கிலோ ஆகிறது. கிலோவுக்குப் பத்து ரூபாய் என்றால் கூடுதல் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். அதே குளத்தில் 80 சதவீதம் பிழைத்து 20 கிராம் அளவில் அறுவடையானால் முழுப் பருவத்துக்கும் இரண்டு டன்னுக்கு மேல் தீவனம் போயிருக்கும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அந்த இரண்டு டன்தான், குஞ்சுத் தீவனம் அல்ல. எனவே தரத்தை எழுத்தில் உறுதிசெய்து, டம்ளர் சோதனையிலும் தேறும் தீவனத்தையே, அது விலை கூடியதாக இருந்தாலும், வாங்குங்கள்.

கேள்வி: தீவனத்துடன் கலக்க வேண்டும் என்று டீலர் தாது உப்புக் கலவையும் பெயர் தெரியாத ஒரு திரவமும் சேர்த்தே விற்கிறார். அவை தேவையா?

பதில்: முழுமையான தீவனம் என்று சொல்லி விற்றபின் அதற்குமேல் இன்னொரு சத்து மருந்து ஏன் என்று அவரிடமே கேளுங்கள். கடல்நீர் அல்லது கழிமுகத் தண்ணீர் உள்ள குளத்தில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை இறால் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. போர்வெல் தண்ணீரில், உப்புத்தன்மை குறைவாக வளர்ப்பவர்களுக்குத்தான் தாது உப்பு உண்மையான தேவை. கடல்நீரில் மக்னீசியம் கால்சியத்தைப் போல் மூன்று மடங்கும், சோடியம் பொட்டாசியத்தைப் போல் 28 மடங்கும் இருக்கின்றன. முதலில் தண்ணீரைச் சோதித்து, இந்த விகிதத்தில் எது குறைகிறதோ அதைக் குளத்துத் தண்ணீரில் சேர்ப்பதே முறை.

லேபிளில் உட்பொருள் எழுதாத திரவத்தை எந்த நிலையிலும் வாங்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்குகளின் எச்சம் இறாலில் துளி இருந்தாலும் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். பழி பண்ணையாளர் மேல் விழும். கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தின், ஆன்டிபயாட்டிக் இல்லை என்ற சான்று அந்தப் பொருளுக்கு உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய தீவனம் தண்ணீரில் உடனே கரைகிறது. மாற்றித் தர டீலர் மறுக்கிறார். "நீங்கள் வியாபாரம் செய்பவர், நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது" என்கிறார். உண்மையா?

பதில்: உண்மையல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது; ஆனால் தம் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்குபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்துள்ளது. இரண்டு குளங்களை நீங்களே பார்த்துக்கொண்டு பிழைப்பவர் என்றால் அந்த வாதம் உங்களுக்கும் பொருந்தும். பல பண்ணைகளைக் கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு இது எளிதாக இராது.

ஆனால் பில் இல்லாமல் எதுவும் நடக்காது. கடனுக்குத் தீவனம் எடுப்பவர்கள் பெரும்பாலும் துண்டுச் சீட்டோடு திரும்பிவிடுகிறார்கள்; அறுவடையில் கழித்துக்கொள்வதாக இருந்தாலும் பேட்ச் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பிரிக்காத ஒரு மூட்டையை அப்படியே எடுத்து வையுங்கள். டம்ளர் சோதனையைப் படம் எடுங்கள். டீலருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்படி ஆணையத்தையே கேட்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது.

கேள்வி: சென்ற பருவத்தில் மிஞ்சிய இரண்டு மூட்டைக் குருணையைப் புதுக் குஞ்சுக்குப் போடலாமா?

பதில்: தயாரித்து மூன்று மாதம் கடந்திருந்தால் வேண்டாம். பூசணம் தெரியாவிட்டாலும் வைட்டமின் குறைந்திருக்கும், எண்ணெய் கெட்டிருக்கும். சிக்கு வாடை வந்தால் ஐயமே இல்லை. தார்ப்பாய் விரித்த நர்சரித் தொட்டியில் மண்குளத்தைப் போல் குஞ்சுக்கு இரையாகும் மிதவை உயிரிகள் இருக்காது என்பதால், அங்கே விடும் குஞ்சுக்கு அந்த மூட்டையை அறவே பயன்படுத்தாதீர்கள்.